அமரவிளை டிக்சனின் அஞ்சலி ஃபைல்

பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரை வாழும் பெருமக்கள் எழுந்து நின்று கேட்கவேண்டிய சேதி: அமரவிளை பிளெக்ஸ் கடை டிக்சனின் ஃபைல்களுக்கு இனி மரணம் கிடையாது. ஐப்பசித் துலாமழை இடியில் பழைய கம்ப்யூட்டர் கருகிப்போனதும், கூட்டுக்காரன் பிஜு வந்து ஒவ்வொரு மாற்றத்தையும் தனிப் பதிப்பாகச் சேர்த்துவைக்கும் வெர்ஷன் கன்ட்ரோல் போட்டுக் கொடுத்துவிட்டான்.

"மாத்தும்போ ஒரு குறிப்பு எழுதிச் சேமிச்சா போரும் மக்கா. எந்தப் பழசுக்கும் திரும்பிப் போலாம்."

"செத்தவன் படத்துக்கு மேல அடுத்த செத்தவன் படத்த வைக்கிய ஃபைலாக்கும் இது. பழசு எனக்கு என்னத்துக்குலே?"

ஊருக்கே ஒரு அஞ்சலி ஃபைல்தான். படமும் பெயரும் மாறும். பூமாலையும் 'ஈடுசெய்ய இயலாத இழப்பு'ம் ரவுடிக்கும் ரட்சகனுக்கும் பொது.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் அதில் அவன் சேமிக்காத ஒரு பதிப்பு கிடந்தது. குறிப்பு: 'படம் மாற்றியது'. சேமித்தவர்: டிக்சன்.

கரண்ட் போய் யூபிஎஸ் விட்டுவிட்டுக் கீச்சிட, பிளெக்ஸ் மையின் நெடி ஈரக்காற்றில் கனத்துத் தொண்டையில் இறங்க, பாதி இறக்கிய ஷட்டரை மழை வெளியிலிருந்து யாரோ தட்டுவதுபோலத் தட்டிக்கொண்டிருக்க, அவன் அதைத் திறந்தான்.

பூமாலைக்கு நடுவே அவன் மனைவி ரெஜிஷா. பாலராமபுரத்துத் துணிக்கடை வேலைக்குக் காலையில் உடுத்திப்போன மஞ்சள் சுடிதார். மறைவு: இன்று.

பிஜுவின் விளையாட்டா? பிஜு இந்தச் சுடிதாரைப் பார்த்ததில்லை.

ரெஜிஷாவுக்குப் போன் அடித்தான். எடுக்கவில்லை. மறுபடியும். எடுக்கவில்லை.

நேற்றைய பதிப்பைத் தேடினான். 'பழசுக்குத் திரும்பு' என்ற பொத்தான் இருந்தது. அழுத்தினான். ரெஜிஷா மறைந்தாள். பூமாலைக்குள் நேற்றுச் செத்த பொன்னப்பன் சிரித்தார்.

போன் அலறியது. ரெஜிஷாவோடு வேலை பார்க்கும் பிரேமகுமாரி.

"டிக்சண்ணே... பாலத்துக்கிட்ட லாரி... நம்ம ரெஜி போச்சே... மஞ்ச சுடிதாரு முழுக்கச் சோரை... ஒரே ரெத்தம்..."

ஷட்டர் உயர்ந்தது.

ரெஜிஷா. நேற்று உடுத்திய நீலச் சுடிதார். வெளியே கொட்டும் மழை. அவள்மேல் ஒரு துளி இல்லை.

"பஸ்ஸு கிடைக்க நேரமாச்சு," என்றாள். நேற்று சொன்ன அதே சொல். அதே சிரிப்பு. "நாளைக்கு அந்த மஞ்சள உடுத்தலாம்னு இருக்கேன்."

காதில் பிரேமகுமாரி இன்னும் அழுதுகொண்டிருந்தாள்.

பேக்கப் ஒழுங்காக வேலை செய்திருந்தது.