தள்ளி நின்ற பட்டை

ஏழாம் வகுப்பு கணினி அறையில் கப்சிப்பென்று உட்கார்ந்திருந்தது என்றால் நம்புவீர்களா? காரணம் இருந்தது. கோ-கோ பயிற்சியைக் காலை ஆறரைக்கு வைக்கலாமா, கூடாதா என்பது அன்று திரையில் வரப்போகும் படத்தைப் பார்த்துத்தான் முடிவாகும்.

வீட்டிலிருந்து பள்ளிக்கு வர எத்தனை நிமிடம் ஆகிறது, எதில் வருகிறார்கள் என்று எல்லோரும் பெயர் போடாமல் தட்டியிருந்தார்கள். கனகராஜ் சார் மவுஸை அழுத்தினார். எத்தனை நிமிடத்துக்கு எத்தனை பேர் என்று காட்டும் பட்டைகள் திரையில் எழுந்து நின்றன. பத்து நிமிடத்துக்கு நெட்டையாக ஒன்று, இருபதுக்குக் கொஞ்சம் குட்டையாக ஒன்று. அப்புறம் வெறும் இடம். வலது ஓரத்தில், நூற்றுப்பத்துக்கு நேராக, ஒரே ஒரு குட்டிப் பட்டை.

"எல்லாம் இங்கயே திருவல்லிக்கேணிப் பசங்க. ஆறரைக்குத் தாராளமா வரலாம்" என்றார் சார். "இந்தக் கடைசிப் பட்டை தப்பு. யாரோ பதினொண்ணு அடிக்கப் போய் நூத்திப்பத்து அடிச்சிட்டாங்க. எடுத்துடலாம்."

ஆஃப்ரீனுக்குத் திக்கென்றது. அந்தப் பட்டை அவள் தோழி ஷீலாதான்! ஆற்றோரத்தில் இருந்த ஷீலாவின் வீட்டை அரசு அதிகாரிகள் இடித்துவிட்டு, ஊருக்கு வெளியே வெகு தூரத்தில் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்திருந்தார்கள். ஆறரை மணிப் பயிற்சிக்கு அவளால் எப்படி வர முடியும்? இத்தனைக்கும் ஓட ஆரம்பித்தால் அவளைத் தொடப் பள்ளியிலேயே ஆள் கிடையாது.

"சொல்லுடி" என்று கிசுகிசுத்தாள் ஆஃப்ரீன்.

"வாணாம். வேற ஸ்கூல் பாத்துக்கோன்னுடுவாங்க. நீயும் சொல்லாத."

ஷீலாவைக் காட்டிக் கொடுக்கவும் மனம் வரவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை. ஆஃப்ரீன் எழுந்தாள்.

"சார், எடுக்கறதுக்கு முன்னாடி கலர் பிரிச்சுப் பாக்கலாமா? நடந்து வர்றவங்க பச்சை, சைக்கிள் மஞ்சள், பஸ் சிவப்பு."

"எதுக்கும்மா?"

"பதினொரு நிமிஷம்னா பக்கத்துத் தெரு சார். பக்கத்துத் தெருவுலேர்ந்து யாராவது பஸ்ல வருவாங்களா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சார் நிறத்தை மாற்றினார். இடது பக்கம் முழுக்கப் பச்சை, நடுநடுவே மஞ்சள். வலது ஓரப் பட்டை மட்டும் பளிச்சென்று சிவப்பு.

சார் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அடடா! நல்லவேளை, அழிக்கல. நான்தான் தப்பு. இவ்ளோ தூரத்துலேர்ந்து தினம் வர்ற பிள்ளையப் போய் அழிக்கப் பாத்தேனே."

ஷீலா மெல்ல எழுந்து நின்றாள். "நான்தான் சார் அது. ரெண்டு பஸ் மாறி வர்றேன். வேற ஸ்கூல் போகச் சொல்லிடாதீங்க சார்."

"யாரு சொல்லுவாங்க? நீ போயிட்டா கப்பை யாரு ஜெயிக்கறது?"

மறுவாரமே கடைசிப் பீரியடில் பயிற்சி தொடங்கியது. அந்தப் படத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். ஆறாம் வகுப்புப் பொடியன் ஒருவன் அண்ணாந்து பார்த்தான்.

"இன்னாக்கா இது? ஒண்ணு மட்டும் தனியா தள்ளி நின்னுகினு கீது?"

பக்கத்தில் நின்ற ஷீலா காலரைத் தூக்கி விட்டுக்கொண்டாள்.

"அது நான்தான்டா!" என்று சொல்லிவிட்டு மைதானத்துக்கு ஓடினாள்.