பாப்பாவிடம் இல்லாத புரதம்

மாமல்லபுரத்துக்கு வெளியே, சிற்பக்கூடங்களின் உளிச்சத்தம் ஓயாமல் கேட்கும் இடத்தில் இருந்தது அந்த ஆய்வகம். 2006 ஐப்பசி மழையில் நனைந்தபடி அன்பரசி முதல் நாள் வேலைக்கு வந்தாள்.

வேலை சொல்லித்தர வேண்டிய ஹரிசங்கர் ஒரு பிளாஸ்டிக் குடுவையைத் தூக்கிக் காட்டினான்.

"இவங்கதான் பாப்பா. வணக்கம் சொல்லு."

பாப்பா மீன் விற்றவள். வயிற்றுக் கட்டியால் செத்துப்போனாள். அந்தக் கட்டியின் செல்கள் குடுவையில் இன்னும் உயிரோடிருந்தன. அவற்றிலிருந்து ஒரே ஒரு மரபணுவை நீக்கியிருந்தார்கள். செல்லின் கொழுப்பிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றி, 'போதும், வளராதே' என்று நிறுத்தும் புரதத்தின் மரபணு.

"அவங்க வூட்ல கேட்டு எடுத்தீங்களாண்ணா?"

"செத்தவங்களுக்கு இன்னாத்துக்கு பிரேக்கு? கழட்டிட்டோம். வண்டி ஓடிக்கினே கீது."

செல்களைச் சோப்புக் கரைசலில் போட்டு, ஊசி வழியே இழுத்துத் தள்ளி உடைக்க வேண்டும். உடைந்த செல்களின் சாற்றில் அந்தப் புரதம் இருந்தால் எக்ஸ்ரே பிலிமில் கறுப்புப் பட்டை விழும். பாப்பாவின் சாற்றில் விழக் கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க, அங்கே வேலை செய்பவர்களே தங்கள் ரத்தத்தை எடுத்துக்கொள்வது வழக்கம்.

பாப்பாவை உடைத்து முடித்த ஹரி, அதே ஊசியைத் தன் புறங்கையில் வைத்தான்.

"அண்ணா, ஊசிய மாத்தலியே!"

"அட, பேஜாரு பண்ணாத. சோப்புல எல்லாம் செத்திருக்கும்."

ஊசி இறங்கியது.

அவன் இழுக்கவில்லை. பிஸ்டன் தானாக மேலே ஏறியது.

சிரிஞ்சு நிரம்பியது. பிஸ்டன் தெறித்துச் சுவரில் மோதியது. ரத்தம் கூரை வரை பீய்ச்சியடித்தது. ஹரியின் தோல் சுருங்கிச் சுருங்கி ஊசிக்குள் போயிற்று. பிறகு சதை. பிறகு விரல் எலும்புகள், ஒவ்வொன்றாக நொறுங்கி.

"வெட்டு," என்று முனகினான். "அன்பு... வெட்டிடு."

ஐஸ் உடைக்கும் கத்தியை எடுத்து அவன் மணிக்கட்டின் மேல் ஓங்கினாள். ஒரே வெட்டில் போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி மறுபடி வெட்டினாள்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் அவனுக்கு உயிர் மிஞ்சியது. ஆனால் அவனிடமிருந்து என்ன போனது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். மறுநாள் பாப்பாவின் சாற்றையும், சிரிஞ்சில் ஒட்டியிருந்த ஹரியின் ரத்தத்தையும் அருகருகே வைத்து அதே பிலிம் சோதனையைச் செய்து பார்த்தாள்.

பாப்பாவின் இடத்தில் தடித்த கறுப்புப் பட்டை.

ஹரியின் இடம் வெறுமை.

குடுவையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

"புண்ணு வளந்துகினே கீதும்மா," என்று வாசலிலேயே கிசுகிசுத்தாள் நர்ஸ் சகுந்தலா. "வெட்ட வெட்ட வளருது."

ஹரி கண் திறக்கவில்லை. கட்டுத்துணிக்குள் ஏதோ புரண்டது.

அன்பரசி குடுவையைக் கட்டிலில் வைத்தாள். "பாப்பாக்கா, உன் ஒடம்புல எடுத்தது உனக்கே. கொண்டாந்துட்டேன். கடல்ல கரைக்கச் சொன்னாலும் கரைக்கறேன். இவர வுட்டுடுக்கா."

துணி அவிழ்ந்தது. வெட்டுப்பட்ட மணிக்கட்டில் ஐந்து விரல்கள் முளைத்திருந்தன. மெல்லிய, கறுத்த, ஒரு பெண்ணின் விரல்கள்.

அவை குடுவையைத் தொடவில்லை. அன்பரசியின் கையைப் பற்றின.

ஹரியின் மூச்சு நின்றது. உடம்பு சில்லிட்டது. சகுந்தலா அலறிக்கொண்டு ஓடினாள்.

விரல்கள் மட்டும் சூடாக இருந்தன. அன்பரசியின் முழங்கையை நோக்கி வளர்ந்துகொண்டிருந்தன.