பின் வாசலால் வரவும்

வந்த இரண்டு பேரும் நாயைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்களாம்.

கூடக் குடியிருக்கும் லதீஸ், ஊரிலிருந்து வந்த அழைப்பு முடிந்து, கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு இதைச் சொன்னபோது, ஞானசேகரம் குசினியில் முட்டைக்கோவாச் சுண்டலுக்குக் கடுகு தாளித்துக்கொண்டிருந்தான். வாரத்தில் ஆறு நாள் தொழிற்சாலையில் கோவா வெட்டிவிட்டு, ஏழாம் நாள் ஓய்வுக்காக வீட்டில் கோவா வெட்டுகிறவன் அவுஸ்திரேலியாவின் ஸ்பிரிங்வேலிலேயே தான் ஒருவன்தான் என்று அவனுக்கு ஒரு பெருமை உண்டு.

"என்னெண்டு கூப்பிட்டவையாம்?"

"'விதானையார், வாங்கோ' எண்டு. அது வாலை ஆட்டிக்கொண்டு போய் ஜீப்படியில நிண்டதாம்."

ஊர் அதிகாரியின் பட்டம் ஒரு நாய்க்கு. ஞானசேகரம் சிரித்தான். அவனுக்குச் சிரிப்பு தும்மல் மாதிரி. வரும்போது அடக்க முடியாது, வந்த பிறகு வெட்கமாக இருக்கும். "பொலிஸிலயும் மரியாதை தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம்."

"தம்பியை ஏத்திக்கொண்டு போட்டினம் அண்ணை. விசாரிச்சுப்போட்டு விடுவினமாம்."

கடுகு கருகியது. ஞானசேகரம் அடுப்பை நிறுத்தினான். ஆனி மாதக் குளிரில் மாலை ஐந்து மணிக்கே யன்னல் கறுத்துவிட்டிருந்தது. கூடத்து ஹீற்றரின் தகரம் சூடேறி, யாரோ விரல் நகத்தால் தட்டுவதுபோல டிக், டிக் என்றது. யன்னலோரத்து வானொலி நாலு நாளாகச் சொன்னதையே இன்றும் சொல்லிக்கொண்டிருந்தது: படகுகளை நிறுத்துவதற்காக அவுஸ்திரேலியா ஜீப்பும் கணினியும் பயிற்சியும் கொடுத்து வளர்த்த ஊர்ப் பொலிஸ் பிரிவு ஒன்று, இங்கே வந்து சேர்ந்தவர்களின் குடும்பங்களை உளவு பார்க்கிறது என்று குற்றச்சாட்டு, தூதுவரை அழைத்து விளக்கம் கேட்டிருக்கிறார்கள், தூதுவர் மனம் புண்பட்டிருக்கிறார், இரு நாட்டு உறவும் வழமைபோல உறுதியாக இருக்கிறது. நேற்றுத்தான் தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் ஞானசேகரம் அந்தத் தூதுவராக நடித்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் அவன் சரிந்தபோது வியட்நாம்காரர்கூடக் கைதட்டினார்கள்.

"அண்ணை." லதீஸின் குரல் தாழ்ந்திருந்தது. "ஊரில எல்லாருக்கும் அது கறுப்பன். விதானையார் எண்டது நானும் தம்பியும் வீட்டுக்குள்ள கூப்பிடுற பேர். இந்த நாட்டில உங்களுக்கு மட்டும்தான் சொன்னனான்."

"டேய், நான் ஏன்ரா..."

"நீங்கள் சொன்னனீங்கள் எண்டு நான் சொல்லேல்லை. நான் உங்களுக்குச் சொன்னனான் எண்டுதான் சொல்லுறன்."

அவன் தன் அறைக்குள் போனான். கதவு சாத்தப்பட்டது. பிறகு பூட்டுக்குள் திறப்பு ஒருமுறை திரும்பும் சத்தம் கேட்டது. இரண்டு வருடமாக அந்த வீட்டில் ஒருவரும் அறையைப் பூட்டியதில்லை.

அப்போதுதான் ஞானசேகரத்துக்குப் பட்டியல் ஞாபகம் வந்தது.

பங்குனி மாதம் கணேசலிங்கம் அண்ணை கேட்டதுதான் அது. அண்ணை ரோவிலில் வீடும் இருபது வருடத்துக் குடியுரிமையும் உள்ளவர், ஒருவரையும் அதட்டிப் பேசாதவர். ஞானசேகரம் தடுப்பு முகாமிலிருந்து வெளியே வந்து குளிரில் பல்லுக் கிட்டி நின்ற காலையில், தான் போட்டிருந்த கம்பளிச் சட்டையைக் கழற்றி அவன் தோளில் போட்டவர். அதே சட்டையைத்தான் அவன் இப்போதும் போட்டிருந்தான். அதில் இன்னும் அண்ணையின் வீட்டு அலுமாரிப் பூச்சிக்குளிசை மணம் இருந்தது. சித்திரை வருஷத்துக்கு ஊரிலுள்ள குடும்பங்களுக்கு உதவிப்பொதி போகிறது, கொண்டுபோகிற ஆட்களுக்கு வீடு தெரியவேண்டும் என்றார். எங்கள் ஊர்களில் வீட்டு நம்பரை யார் கண்டது? மதகு, மரம், நாய், கிணறு என்று சொன்னால்தான் போய்ச்சேரலாம்.

அந்தக் கலையில் ஞானசேகரத்தை வெல்ல ஆளில்லை. புதிதாக வந்த எவரையும் மூன்று கேள்வியில் பிடித்துவிடுவான்: எந்த ஊர், எந்த ஒழுங்கை, ஆரின்ர மகன். குடிவரவு அதிகாரிக்கு மூன்று மணி நேரம் வாய் திறக்காதவர்கள், அவனுடைய பகிடிக்குச் சிரித்துக்கொண்டே தாயின் வீட்டுப் படலை வரைக்கும் கூட்டிப்போனார்கள். நாற்பத்துமூன்று வீடுகள். அழகான கையெழுத்து. பொதி கொண்டுபோகிறவன் களைக்காமல் இருக்கட்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பகிடி வேறு. "மதகால் இறங்கி வலது கை வேப்பமரம். நாய் உண்டு. 'விதானையார்' என்று மரியாதையாகக் கூப்பிட்டால் கடிக்காது."

அண்ணைக்குக் கைபேசியில் அடித்தான். முதல் மணியிலேயே எடுத்தார்.

"சொல்லுங்கோ தம்பி."

"அண்ணை, அந்தப் பட்டியல்..."

"அது அப்பவே போட்டுது."

"ஆரிட்ட?"

அங்கே தேநீர்க் கரண்டி கோப்பையைச் சுற்றுவது கேட்டது. நிதானமாகச் சுற்றியது. "அங்க வீடு வீடாப் போற ஆக்களிட்ட."

"ஒரு வீட்டுக்கும் பொதி வரேல்லை அண்ணை. ஜீப் வந்திருக்கு. லதீஸின்ர தம்பியைக் கொண்டு போட்டினம்."

கரண்டி நின்றது.

"உங்கட குறிப்பு நல்லாப் பிடிச்சுக்கொண்டுதாம் தம்பி. வாசிச்சு வாசிச்சுச் சிரிச்சவையாம். இவ்வளவு விளக்கமா ஒருத்தரும் எழுதித் தந்ததில்லையாம்."

"ஆர் அண்ணை? ஆர் சிரிச்சது?"

"வெளியில சரியான குளிர்," என்றார் அண்ணை, அதே பஞ்சுக் குரலில். "அந்தச் சட்டையைக் கழட்டிப்போடாதேங்கோ."

தொடர்பு அறுந்தது. மறுபடி அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. தூரத்தில் ரயில் கடவை மணியும் அதே தாளத்தில் அடிக்கத் தொடங்கியது. இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருவதுபோல இருந்தது. சட்டையைக் கழற்றப் பார்த்தான். பொத்தான் ஒன்றும் அசையவில்லை. கழுத்தடியில் கம்பளி இறுகி, பூச்சிக்குளிசை மணம் மூக்குக்குள் ஏறியது.

மடிக்கணினியைத் திறந்து ஸ்கைப்பைத் தட்டினான். அங்கே மதியம் ஒரு மணி. குமிழி வெடிப்பதுபோன்ற அந்த அழைப்புச் சத்தம் இருண்ட கூடத்தில் நாலு முறை போனது. ஐந்து முறை.

திரை வெளுத்தது. மனைவி இராஜேஸ்வரி. அவளுக்குப் பின்னால் ஊர் வெயில், சீமெந்து நிலம், குசினிக்குப் போகும் வழி, அதன் முடிவில் சாத்திய பின் கதவு. எல்லாம் போன ஞாயிறு பார்த்தபடியே இருந்தன. அவன் மூச்சு விட்டான்.

"என்னப்பா, இண்டைக்கு வெள்ளன? சுண்டல் கருகிப்போச்சோ?"

"ஓம், எப்பிடித் தெரியும்?"

"உங்கட மூஞ்சை சொல்லுது." அவள் சிரித்தாள். கடல் தாண்டிப் போனவனை அந்தச் சிரிப்புத்தான் மூன்று வருடமாக இழுத்துப் பிடித்து வைத்திருந்தது. விசா வந்தால் முதல் வேலை, இந்தச் சிரிப்பையும் பிள்ளையையும் கூப்பிட்டு எடுப்பது.

"இஞ்சாரும், ஆரும் வந்தவையோ? ஜீப் ஏதும்?"

"ஜீப்போ? ஒருத்தரும் வரேல்லையே. ஏன்?"

"துவாரகா எங்க?"

பிள்ளை தாயின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். ஏழு வயது, முன்பல் இரண்டு இல்லை. கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. வாய்க்குள் எதையோ உருட்டிக்கொண்டிருந்தாள்.

"வாய்க்குள்ள என்னம்மா?"

"மாம்பழ டொபி."

ஹீற்றர் டிக் என்றது.

"ஆர் தந்தது?"

"வேலிக்கு அங்கால நிண்ட மாமா. அப்பா எத்தினை மணிக்குக் கதைக்கிறவர் எண்டு கேட்டவர். என்னைச் சின்ன அதிகாரி எண்டு கூப்பிட்டவர்."

இராஜேஸ்வரி திரும்பிப் பிள்ளையைப் பார்த்தாள். அவளுடைய சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது.

நாற்பத்துமூன்றாவது வீடு அவனுடையது. கடைசித் தாள். அன்றைக்கு நல்ல உற்சாகத்தில் இருந்தான். "வீட்டில் சின்ன அதிகாரி ஒருவர் இருப்பார். மாம்பழ டொபி ஒன்று கொடுத்தால் எல்லா உண்மையும் சொல்லுவார்." எழுதிவிட்டுத் தானே சிரித்தது ஞாபகம். அதற்கு மேல் வரியில் என்ன எழுதினான்? அதற்கு மேல்?

அங்கே முன் கதவு தட்டப்பட்டது.

மூன்று தட்டு. மெதுவாக. இராஜேஸ்வரி விரலை உதட்டில் வைத்தாள். கண் முன் கதவிலேயே நின்றது.

"திறக்காதையும்," என்றான்.

"பூட்டித்தான் கிடக்கு," என்று உதட்டால் சொன்னாள்.

மறுபடி மூன்று. அவசரமே இல்லை. திறக்கவேண்டும் என்று தட்டுகிறவனின் தட்டல் அல்ல அது. ஒருத்தியை ஒரே பக்கம் பார்க்க வைப்பதற்கான தட்டல்.

இரண்டு பேர். லதீஸ் வீட்டுக்கும் இரண்டு பேர்தான் வந்தார்கள்.

மேல் வரி வந்தது. அவனுடைய கையெழுத்தில். வளைவு நெளிவு எல்லாம் சரியாக.

"முன் கதவைத் தட்டிப் பயனில்லை. மனுசி பயந்த ஆள். பின் வாசலால் வரவும். கொளுக்கி போடுவதில்லை."

"ராசேஸ்! பின்னால! பின் கதவு..."

படம் உறைந்தது.

அவள் விரல் உதட்டிலேயே நின்றது. முகம் முன் கதவுப் பக்கம். அவளுக்குப் பின்னால், குசினி முடிவில், பின் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. அந்த இடைவெளியில் வெயில். வெயிலில் கதவைப் பிடித்த நாலு விரல்கள். அதற்குக் கீழே, மடித்த ஒரு தாளின் மூலை.

சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. செருப்பில்லாத சின்னக் கால்கள் ஓடும் சத்தம். டொபித் தாள் பிரியும் சத்தம்.

உறைந்த திரையில் துவாரகா பாதி வழியில் நின்றாள். தாய்க்கு முதுகு. அந்த விரல்களை நோக்கி, இன்னொன்று வேண்டும் என்று, நீட்டிய கை.