மூடியளவு பால்

பால்காரி தஹபோவின் வலது கை போய்விடப் போகிறது என்று இசியோலோ ஊரின் அந்தச் சின்ன ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சு. எக்ஸ்ரேயில் தோள் எலும்பு கரையான் அரித்த மரம் மாதிரி தெரிந்தது. புற்றுநோயாகத்தான் இருக்கும், நாளைக் காலை பஸ்ஸில் நைரோபி, அங்கே தோளோடு எடுத்துவிடுவார்கள் என்றார் எலும்பு டாக்டர். ஒட்டகப் பால் கேன்களைத் தூக்கி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றுகிற கை அது.

டாக்டர் கினோத்திக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. தோளில் குத்தி எடுத்த சதையில் புற்றும் இல்லை, காசநோயும் இல்லை. ஊசி புற்றைத் தவறவிட்டிருக்கும் என்றார் எலும்பு டாக்டர். சாயங்காலமானால் காய்ச்சல், விடிந்தால் தொப்பலாக வேர்வை. கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு விசாரணையை ஆரம்பித்தார்.

"பச்சைப் பால் குடிப்பீங்களா அக்கா?"

"எனக்கு ஒட்டகப் பாலே பிடிக்காது. நல்லாக் கொதிச்ச டீதான்."

"குட்டி போடற ஒட்டகத்துக்குக் கை குடுத்தீங்களா?"

"ஒட்டகத்தைக் கிட்டப் பாத்தே வருஷமாச்சு டாக்டர். எனக்குக் கேன்தான் தெரியும்."

மகள் இஃப்ராவும் அதையே சொன்னாள். ஒட்டகத்திலிருந்து நோய் தொற்றக்கூடிய வழியெல்லாம் அடைபட்டுப் போக, கினோத்தி சலிப்போடு எழுந்தார்.

அந்த நேரம் பக்கத்துக் கட்டில்காரிக்கு யாரோ ஒட்டகப் பால் கொண்டுவந்தார்கள். தஹபோ சும்மா இருப்பாளா? மகளிடம் கேன் மூடியில் கொஞ்சம் ஊற்றச் சொன்னாள். ஒரு வாய் உறிஞ்சி, நாக்கில் புரட்டி, கிண்ணத்தில் துப்பினாள். நேற்றுக் கறந்தது, தண்ணீர் வேறு கலந்திருக்கிறது, திருப்பிக் கொடு என்று தீர்ப்பும் சொன்னாள்.

கினோத்தி அப்படியே நின்றுவிட்டார்.

"தினமும் இப்படித்தானா?"

"வர்ற கேன் ஒவ்வொண்ணும். ஒண்ணு கெட்டிருந்தா மொத்தமும் பாழாயிடுமே. ஆனா நான் எங்க குடிச்சேன்? துப்பிட்டேனே."

"பாலைத்தான் துப்புனீங்க அக்கா. கிருமி உள்ள போயிடுச்சு."

உடனே இரத்தம் எடுத்தார். பிற்பகல் மூன்று மணிக்குக் குற்றவாளியின் பெயர் வந்தது: புருசெல்லா. நோய்ப்பட்ட கால்நடையின் பாலில் இருக்கும் கிருமி. முதுகெலும்புக்குப் போகும், இடுப்புக்குப் போகும். தோளுக்கு வருவது அபூர்வம், அதனால்தான் யாரும் அதைத் தேடவில்லை என்று விளக்கினார் கினோத்தி. எலும்பு டாக்டர் அப்பாடா என்று உட்கார்ந்து, நைரோபிப் பயணத்தைத் தானே ரத்து செய்தார். தோளிலிருந்து மறுபடி எடுத்த சீழிலும் பிற்பாடு அதே கிருமிதான் வளர்ந்தது.

"கை?" என்றாள் தஹபோ.

"உங்க கை உங்களோடதான். மாசக்கணக்குல மாத்திரையும் ஊசியும். ஒரு வேளைகூட விடக் கூடாது."

இஃப்ரா குலுங்கிக் குலுங்கி அழுதாள். தஹபோ அவளை அதட்டி டீ வாங்கிவர அனுப்பிவிட்டு, தானும் அழுதாள்.

மழைக்காலம் முடிந்து கினோத்தி சந்தைப் பக்கம் போனார். தஹபோவின் முன்னால் ஒரு கரி அடுப்பு. கேனுக்கு ஒரு கரண்டிப் பால் அதில் கொதித்தது. திரிந்தால் கேன் திரும்பிப் போனது. திரியாததை ஆறவைத்துத்தான் நாக்கில் வைத்தாள். வரிசையில் மற்றப் பால்காரிகளின் முன்னாலும் அடுப்பு எரிந்தது.

கூட்டத்தில் டாக்டரைக் கண்டதும், அந்த வலது கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, "இங்க வாங்க டாக்டர்" என்று கூப்பிட்டாள்.