சுடுதண்ணீர்ப் பானைக்குள் பூசணி

கந்தப்பன் மாமா வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய பூசணிக் கறி அப்படியே திரும்பி வந்தது. ஒரே ஒரு வாய்தான் குறைந்திருந்தது.

"பாப்பா, இது கறியா, கயிறா?" பக்கத்து வீட்டு வாசலில் நின்று பல்லைக் குத்திக்கொண்டே கேட்டார் மாமா. "நார் இன்னும் பல்லுல இருக்கு!"

தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் எல்லாரும் சிரித்தார்கள். சுதர்ஷினிக்கு அழுகை வந்தது.

அந்தப் பூசணி அவள் வளர்த்தது. விதை கொடுத்தவர் ஜீவராஜ் சித்தப்பா. அவருக்கு நுவரெலியாவில் ஒரு மரக்கறித் தோட்டத்தில் வேலை. "வெளிநாட்டுப் பூசணி. ஹோட்டலுக்கெல்லாம் போகுது" என்றார். எப்படிச் சமைப்பது என்று அவருக்கும் தெரியாது.

கொடி வேலி முழுக்கப் படர்ந்து, மஞ்சள் மஞ்சளாகக் காய்த்தது. முதல் காயை அம்மா வழக்கம்போலத் துண்டு துண்டாக வெட்டினார். தேங்காய்ப்பால் விட்டு, நன்றாகக் கிண்டி இறக்கினார். லயத்து வழக்கப்படி எல்லா வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போனது. மானமும் கூடவே போனது.

"கொடி சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது" என்றார் அப்பா. "நாளைக்கு டவுனுக்குப் போய் போஞ்சி விதை வாங்கிட்டு வர்றேன். வந்ததும் இதைப் பிடுங்கிடுறேன்."

"இன்னொரு தடவை சமைச்சுப் பார்க்கலாமேப்பா?"

"நாருல என்னத்தம்மா சமைக்கிறது?"

போஞ்சி அவரைக்கொடி படர ஊன்றுவதற்குக் கம்புகூட வெட்டி வைத்துவிட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பா காலை பஸ்ஸிலேயே போய்விட்டார். குளிருக்கு இதமாகக் குளிப்பதற்கு அம்மா பெரிய பானையில் தண்ணீர் சுட வைத்தார். தம்பி தர்ஷன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அக்காவின் பாவாடையைப் பிடித்து இழுத்தான்.

"அக்கா, நூடில்ஸ் வேணும்."

"நூடில்ஸ் இல்லடா. ரொட்டி இருக்கு."

"ரொட்டி வேணாம்! நூடில்ஸ்தான் வேணும்!"

அவன் அழுவதைப் பார்க்கச் சுதர்ஷினிக்குப் பாவமாக இருந்தது. நேற்று திரும்பி வந்த கிண்ணம் மூலையில் இருந்தது. அதிலிருந்து ஒரு நாரை எடுத்துத் தண்ணீரில் அலசினாள். மெல்லிசாக, வழவழவென்று இருந்தது. நூடில்ஸும் இப்படித்தானே இருக்கும்? ஆனால் இது ரொம்பக் குட்டை. ஏன் குட்டை? கத்தி வெட்டியதால்தான்!

"அம்மா, வெட்டாம முழுசா அவிச்சா என்ன?"

"இத்தாம் பெரிய காய் எந்தச் சட்டிக்குள்ள போகும்?"

சுதர்ஷினி குளிக்கிற பானையைப் பார்த்தாள். அம்மா அவளைப் பார்த்தார்.

"உங்கப்பா வந்து கத்தப் போறாரு" என்றார் அம்மா. ஆனாலும் கொடியிலிருந்து இன்னொரு பூசணியைப் பறித்துவந்து பானைக்குள் மெதுவாக இறக்கியதும் அவர்தான்.

ஈர்க்குச்சி தோலில் சுலபமாக இறங்கும்வரை காய் கொதித்தது. ஆறிய பிறகு அம்மா அதைக் குறுக்கே இரண்டாக வெட்டினார். விதையை வழித்துவிட்டுச் சுதர்ஷினி கரண்டியால் சுரண்டினாள். நீள நீளமாக, மஞ்சள் நூலாக வந்துகொண்டே இருந்தது.

"அடி ஆத்தி!" என்றார் அம்மா.

இந்த முறை தேங்காய்ப்பால் இல்லை, கிண்டலும் இல்லை. வெங்காயம், லீக்ஸ், கரட், முட்டை எல்லாம் வதக்கி, மேலே அதைப் போட்டுப் பிரட்டினார்கள். தர்ஷன் மூச்சு விடாமல் தின்றான்.

அப்போதுதான் அப்பா வந்தார். "குளிக்கிற தண்ணி ஏன் பூசணி மணக்குது?" என்று சத்தம் போட்டார்.

சுதர்ஷினி அவர் கையில் தட்டைக் கொடுத்தாள். அப்பா ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் பேசினார்.

"எந்தக் கடை நூடில்ஸ்மா இது?"

"நம்ம வேலியில வாங்கினதுப்பா."

அப்பா கொடியைப் பார்த்தார், கம்புகளைப் பார்த்தார். "போஞ்சியை அந்தப் பக்கம் போட்டுக்குவோம்" என்றார். கம்புகளை எடுத்துப்போய், பாரத்தில் தொங்கிய பூசணிகளுக்கு முட்டுக் கொடுக்கத் தொடங்கினார்.

கந்தப்பன் மாமாவின் கிண்ணத்தை நிரப்பவா வேண்டாமா என்று சுதர்ஷினி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு நிறையவே நிரப்பிக் கொடுத்தனுப்பினாள்.

சற்று நேரத்தில் மாமாவே வந்தார். துடைத்துப் போட்டதுபோல இருந்த கிண்ணத்துக்குள் இரண்டு முட்டைகள் இருந்தன.

"அடுத்த காயை எப்ப பறிக்கிற பாப்பா? முட்டை என்னோடது."

"பல்லுல நார் ஏதும் இருக்கா மாமா?"

"இருந்தா விட்டிருப்பேனா? அதையும் முழுங்கிட்டேன்!"