கைக்கு எட்டாத மணி

ஜீப் இதற்கு மேல் ஏறாது என்று தம்பி கையை விரித்த இடத்திலிருந்து ஒரு மணி நேரம் நடந்துதான் அந்த மர வீட்டுக்கு வந்து சேர்ந்தாள் நர்ஸ். வனத்துறை எப்போதோ கைவிட்ட வீடு. சுற்றிலும் மரம், மரத்துக்கு மேல் பனிமூட்டம். கூப்பிடு தூரத்தில் ஒரு ஈ, காக்கா கிடையாது.

"இருபத்திரண்டு வருஷ வேலைய விட்டுட்டு இங்க என்னக்கா பண்ணப் போற? கரடிக்கு பிபி பாக்கப் போறியா?" என்றான் பெட்டியை இறக்கிவைத்த தம்பி.

"மனுஷ மூஞ்சியே வேணாம்டா எனக்கு. அடுத்த வாரம் அரிசி கொண்டு வா, போதும்."

உலகமே வேண்டாமென்று உதறிவிட்டாளே, எப்பேர்ப்பட்ட மனசு என்று ஊரே உருகிப்போயிருந்தது. மனசாவது, மண்ணாங்கட்டியாவது! அவள் ஓடி வந்திருந்தாள்.

வார்டில் ஒன்பதாம் கட்டில் பெரியவருக்கு நர்ஸுகள் வைத்த பெயர் மணிக்கூண்டு. தலைமாட்டில் தொங்கும் அழைப்பு மணியை ஓயாமல் அழுத்துவார். ஓடிப்போய் நின்றால், "ஒண்ணுமில்ல சிஸ்டர், சும்மாதான்" என்பார். ஒரு நாள் மதியம் நாற்பதாவது தடவை அழுத்தியபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மணியின் வயரைச் சுருட்டி, குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் கம்பியின் உச்சியில் தொங்கவிட்டுச் சாப்பிடப் போனாள். பத்தே நிமிஷம்.

திரும்பி வந்தபோது பெரியவரின் பாதி உடம்பு கட்டிலுக்கு வெளியே கிடந்தது. கை அந்தக் கம்பியைப் பிடித்திருந்தது. உயிர் இல்லை.

அடுத்து அவள் செய்ததுதான் பெரிய பாவம். யாரும் வருவதற்குள் அவரை நேராகப் படுக்கவைத்து, மணியை அந்தக் கைக்குள் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். கூப்பிடக்கூட இல்லை, தூக்கத்திலேயே போய்விட்டார் என்று அவருடைய மகளிடம் சொன்னாள். அந்தப் பெண் இவள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நீங்க பக்கத்துல இருந்தீங்களே சிஸ்டர், அது போதும்" என்று அழுதாள்.

அன்றிலிருந்து அந்தக் கையால் சோறு அள்ளித் தின்னவே அவளுக்குக் கூசியது.

காட்டில் முதல் இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினாள். மூன்றாம் நாள் காலை அடுப்பை ஊதிக்கொண்டிருந்தபோது, புகையையும் மீறி ஆஸ்பத்திரித் தரை கழுவும் மருந்து வாசனை அடித்தது. பிறகு பனிக்குள் எங்கிருந்தோ ஒரு சத்தம்.

டிக்.

மணி அடிக்கவில்லை. அதன் பொத்தானை அழுத்துவது மட்டும் கேட்டது.

டிக். டிக்.

ஏதோ குருவி என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டாள். சுள்ளி பொறுக்கப் போனால் கூடவே வந்தது. காதைப் பொத்தினால் இன்னும் பக்கத்தில் கேட்டது. ஐந்தாம் நாள் பொறுக்க முடியாமல் காட்டைப் பார்த்துக் கத்தினாள்.

"என்ன வேணும் பெரியவரே?"

சத்தம் நின்றது. பனிக்குள்ளிருந்து ரொம்பத் தணிந்த குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல சிஸ்டர். சும்மாதான்."

முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பயத்தைவிட வெட்கம்தான் அவளைப் பிடுங்கித் தின்றது. பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும் என்றுதான் அந்த மனுஷர் அத்தனை தடவை அழுத்தியிருக்கிறார். அவளோ ஆளே வேண்டாமென்று இங்கே வந்து ஒளிந்துகொண்டிருக்கிறாள்.

தம்பி அரிசியோடு வந்ததும், பெட்டியைக்கூட எடுக்காமல் அவனோடு இறங்கிவிட்டாள். "எங்க வார்டுல செத்துப்போன பெரியவரோட பொண்ணு வீட்டுக்கு விடுடா. ஒரு உண்மை சொல்லணும்."

தம்பி தெருமுனையில் ஜீப்பிலேயே இருந்துகொண்டான். சுள்ளென்ற வெயிலில் அவள் தனியாகப் போய்க் கதவைத் தட்டினாள். மகள்தான் திறந்தாள்.

"உங்கப்பா தூக்கத்துல போகலம்மா. நான்தான் அந்த மணிய..."

மகள் அவளைப் பார்க்கவே இல்லை.

நர்ஸின் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட சொல்லாதீங்க சிஸ்டர்," என்று கிசுகிசுத்தாள். "உங்க பின்னாடி நிக்கிறாரே, அவர்கிட்ட சொல்லுங்க."

நர்ஸுக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. காட்டிலிருந்து அவ்வளவு தூரமும் நடந்தே வந்தவர்போல, அவள் பிடரியில் யாரோ மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.