நாலாவது றப்பர்

லோறன்ஸ் தேத்தண்ணீர்க் கோப்பையை மேசையில் வைத்துக் கையை எடுத்த பிறகும் அதற்குள் கிடந்த கரண்டி நடுங்கிக்கொண்டிருந்தது. மெல்லிய, விடாத நடுக்கம். கரண்டியின் காம்பு கோப்பை விளிம்பில் பட்டு, காதைக் கிட்டக் கொண்டுபோனால் மட்டுமே கேட்கிற அளவில், போத்தலுக்குள் அகப்பட்ட தேனீயைப் போல் இரைந்தது. பகல் பதினொரு மணி. உயிலங்குளத்து வயல்களின் மேல் சோளகக் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு போனது. அவர் கரண்டியை விரலால் அமத்தினார், நின்றது. விரலை எடுத்தார். மறுபடி தொடங்கியது.

தெருவால் ஏதோ லொறி போகிறதென்று நினைத்து விட்டுவிடலாம். ஆனால் அது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. சண்டையால் பெருநிலப்பரப்புக்குள் பெற்றோல் வருவது நின்று இரண்டு வருடமாகிவிட்டது. கரண்ட் அதற்கு முன்பே போய்விட்டது. வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற மெசின்கள் சாக்குப் போர்த்தபடி கிடந்தன. முருங்கன் வரை நடந்து தேடினாலும் ஓடுகிற எஞ்சின் ஒன்று அகப்படாத காலம்.

மன்னார்த் தீவின் தாழ்வுபாட்டில் முப்பது வருடம் படகு எஞ்சின்கள் பார்த்தவர் அவர். உள்ளங்கையை வைத்தே எஞ்சின் எத்தனை சுற்று ஓடுகிறது, எந்தப் பிஸ்டன் சோர்கிறது என்று சொல்லிவிடுவார். இப்போதும் அப்படித்தான் மேசைப் பலகையில் கையை விரித்து வைத்துக் கண்ணை மூடினார். பிஸ்டன் அடிக்கிற அடி அதில் இல்லை. உருண்டு உருண்டு போகிற ஓட்டம், இடைவெளி இல்லாமல். அப்படி ஓடுகிற எஞ்சின் அந்த மாவட்டத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது பங்குனிக் கடைசியில் அவருடைய மகளைக் கொண்டு போய்விட்டது.

லோறன்ஸ் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.  

தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் குடும்பமாக இராமேஸ்வரத்துக்குப் புறப்பட்டார்கள். மகள் லூசியாவின் புருசன் யேசுதாசன், மூன்று வயதுக் குழந்தை அமலியைத் தூக்கிக்கொண்டு முதல் படகில் போய்ச் சேர்ந்துவிட்டான். இரண்டாவது படகில் லோறன்சும் மனைவி திரேசம்மாவும் லூசியாவும். நேவி வருகிறதென்று படகோட்டி பயந்து, அவர்களை நடுக்கடல் மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போனான். திரும்பி வரவில்லை. இரவில் தண்ணீர் ஏறியது. காலையில் மீன்பிடிகாரர் வந்து ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தபோது இரண்டு பேர்தான் மிச்சம்.

அதற்குப் பிறகு லூசியா கடலில் கால் வைக்கவில்லை. மன்னார்த் தீவில் இருக்கவும் மாட்டேன் என்றாள். உயிலங்குளத்துக்கு வந்து, பரமேஸ்வரி என்ற, வயல் செய்கிற கமக்காரப் பெண்ணின் வளவில் ஒரு மண்வீட்டில் குடியேறினார்கள். ஒரு நாள் சோறு தின்றுகொண்டிருக்கும்போது லூசியா சொன்னாள்.

"கடலால போகமாட்டன் அப்பா. அதுக்கு மேலால போறன்."

துக்கத்தில் சொல்கிறாள் என்றுதான் அவர் நினைத்தார். ஆனால் அவள் யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பம் படித்தவள். வீட்டிலேயே விமானம் கட்டிப் பறக்கிற வெள்ளைக்காரர் எழுதிய ஒரு கிழிந்த புத்தகம் அவளிடம் இருந்தது. முருங்கன் தெருவில் கராஜ் வைத்திருந்த சாஹுல் ஹமீட், முஸ்லிம் சனத்தை ஊரை விட்டுப் போகச் சொன்ன அன்று, பூட்டுத் திறப்பை லோறன்சின் கையில் தந்துவிட்டு ஒரு பையோடு போனவர். அந்தக் கராஜின் மூலையில் அடிபட்ட யப்பான் கார் ஒன்று கிடந்தது. அதன் எஞ்சினில் பிஸ்டன் கிடையாது. உள்ளே முக்கோணமாய் ஒன்று சுழலும், அவ்வளவுதான். மண்ணெண்ணெய் கலந்து ஊற்றினாலும் முரண்டு பிடிக்காது. அதுதான் வேண்டும் என்றாள் லூசியா. ஓடாமல் கிடந்த நெல் மில்லுக்குள் வைத்துப் பதினாறு மாதம் வேலை செய்தார்கள். கேட்டவர்களுக்கு, வயலுக்குத் தண்ணீர் இறைக்க மெசின் கட்டுவதாகச் சொன்னார்கள்.

எஞ்சினைச் சட்டத்தோடு பூட்டுகிற இடத்தில் வைக்கும் றப்பர்கள்தான் கடைசியாய் வந்த வேலை. அதில்தான் லூசியா ஆகக் கூட நாள் செலவழித்தாள். கட்டியான றப்பர் என்றால் எஞ்சினின் நடுக்கம் முழுக்கச் சட்டத்தின் குழாய்களுக்குள் இறங்கி, ஒட்டின இடங்களை வெடிக்க வைக்கும். மெத்தையானது என்றால் எஞ்சின் தொங்கிப்போகும். இந்த எஞ்சினின் நடுக்கம் சின்னது, வேகமானது. ஓரளவு மெத்தையான றப்பர் அதை விழுங்கிவிடும். ஆனால் நாலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் சுமை முழுவதும் அதன் தலையில் வந்து விழும். பழைய லொறி ஒன்றிலிருந்து கழற்றிய றப்பர்களின் மேல் நெல்லு மூட்டையை ஏற்றி, எவ்வளவு அமுங்குகிறது என்று அடிமட்டம் பிடித்து அளந்தாள். மூன்று சரியாக வந்தன. நாலாவது எண்ணெயில் ஊறி வீங்கிப் போயிருந்தது. நாலாவதை நீங்களே தேடிப் பூட்டுங்கோ அப்பா என்று அவரிடம் விட்டாள்.

அவர் தேடினார். ஹமீட்டின் மேசை லாச்சிக்குள் அது இருந்தது. அதே அளவு, அதே மென்மை, பாவிக்காதது.

அதை அவர் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ரயர்த் துண்டுகளை வெட்டி ஒட்டி, இரும்பு போல் கட்டியாக ஒன்று செய்து, வலப்பக்கத்துக் கீழ்மூலையில், புகைக்குழாய் சிவந்து சுடுகிற இடத்துக்குப் பக்கத்தில் பூட்டினார். நிலத்தில் ஓட்டிப் பார்க்கும்போதே எஞ்சின் உதறும், சட்டம் கிலுகிலுக்கும், லூசியா ஏமாந்து இறங்குவாள், இந்த எண்ணத்தையே விட்டுவிடுவாள், தன்னோடு இருப்பாள். அவருக்கு இருந்தது அவள் ஒருத்திதான்.

அறுவடை முடிந்த வயலில், விடிகிற நேரம், ஐந்து நிமிடம் சும்மா ஓடவிட்டு எஞ்சினைச் சூடாக்கினாள். அவர் உதறலுக்காகக் காத்து நின்றார். அது உதறவில்லை. தையல் மெசின் போல ஓடியது. இருந்த இடத்திலிருந்து லூசியா திரும்பிப் பார்த்தாள்.

"நாலும் ஒண்டுதானே அப்பா?"

இல்லை என்று சொல்ல வாய் எடுத்தார். ஏன் என்று கேட்பாள். கேட்டால் என்ன சொல்வது.

"ஓம் மகள்," என்றார்.

நாற்பது நிமிடத்தில் இராமேஸ்வரம் என்று அவள் கணக்குப் பார்த்திருந்தாள். சத்தம் மேற்கே போய்த் தேய்ந்து இல்லாமல் போனது. அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

கரண்டி ஐந்து நாள் அதே அளவில் நடுங்கியது. ஆறாம் நாள் காலை லோறன்ஸ் படுத்திருந்த கட்டிலின் சட்டமும் சுவரில் மாட்டியிருந்த மடுமாதா படமும் ஒரே நேரத்தில் இரையத் தொடங்கின. அவருடைய கடைவாய்ப் பல்லுக்குள்ளும் அது வந்தது. எஞ்சினை யாரோ முடுக்கியது போல. அவர் எழும்பிச் சுவரோடு கையை வைத்தார். வைத்த உடனே விளங்கிவிட்டது. ஐந்து நிமிடம் சூடாக்கினாள், அது ஐந்து நாளாகியிருக்கிறது. இப்போது ஏறுகிறாள். நிமிடத்துக்கு ஒரு நாளாக, அந்தக் காலை இந்த வீட்டுக்குள் திரும்பவும் நடக்கிறது.

பரமேஸ்வரி கஞ்சி கொண்டுவந்தபோது, சுவரில் கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். அவள் வைத்துப் பார்த்தாள்.  கொஞ்ச நேரம் சுவரையும் அவரையும் பார்த்துவிட்டு, ஆறுமுன் குடிக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஏறிய நாளை ஒன்றாக வைத்து, பயந்தபடியே நாட்களை எண்ணினார். பிறகு பயத்தோடு இன்னொன்றும் வந்து சேர்ந்தது. அவள் இன்னும் பறந்துகொண்டிருக்கிறாள். பத்தாம் நாள் மன்னார் பாலத்துக்கு மேலே இருப்பாள். இருபதாம் நாள் தலைமன்னார். வெயிலேறும்போது அவர் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு நிற்பார். மண்சுவர் மெல்ல அதிர்ந்து கன்னத்தை வருடும். குழந்தையாய்த் தோளில் கிடந்து மூச்சு விட்டவள். இருபத்தைந்து. முப்பது. கீழே கடல்தான் இப்போது.

முப்பத்தாறாம் நாள் ஓட்டம் நொண்டியது.

உருண்டு போன நடுக்கத்துக்குள் ஒரு இடறல். அவர் வீட்டின் மூலைகளை ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்தார். முன்னுக்கு இரண்டும் சரி. பின்னுக்கு இடது பக்கமும் சரி. வலது பக்கம் குசினி மூலை. அங்கே கூரையைத் தாங்க நட்டிருந்த பனங்கப்பு, கையை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. அடுப்பு மூட்டி இரண்டு நாள். சாம்பல் குளிர்ந்து கிடந்தது. ஆனால் றப்பர் எரிகிற மணம். கெட்டியான, இனித்த, தொண்டையில் ஒட்டுகிற மணம்.

பெட்டியைத் திறந்து, ஒளித்து வைத்திருந்த நல்ல றப்பரை எடுத்தார். கப்பின் அடியைக் கிண்டி அதைச் செருகினார். இடறல் நிற்கவில்லை. கூடியது. கூரையிலிருந்து ஓலைத் தூசு கொட்டியது. வேறொன்றும் தோன்றாமல், இரண்டு கையாலும் கப்பைக் கட்டிப் பிடித்துத் தன் பாரம் முழுவதையும் அதன்மேல் சாய்த்தார்.

நடுக்கம் சீரானது.

கையைத் தளர்த்தினார். இடறியது. பிடித்தார். சீரானது.

அதற்குப் பிறகு அவர் விடவில்லை. முழங்காலில் நின்றார். சாய்ந்தபடி கண் அயர்ந்தார். உள்ளங்கை கொப்பளித்து உடைந்து கப்போடு ஒட்டியது. பரமேஸ்வரி வந்து கெஞ்சினாள், முருங்கன் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றாள், கடைசியில் அழுதுகொண்டு கஞ்சியைத் தானே அவருக்குப் பருக்கிவிட்டாள். அவள் போனதும் அவர் மரத்தோடு வாயை வைத்துச் சொன்னார்.

"போ மகள். நான் பிடிச்சிருக்கிறன். நீ போ."

முப்பத்தேழு. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.

அன்று மத்தியானம் பரமேஸ்வரி ஓடி வந்தாள். தீவிலிருந்து முருங்கனுக்கு வந்த ஒருவர் அவளிடம் ஒரு கடிதம் கொடுத்திருந்தார். இந்தியாவிலிருந்து கப்பலில் திரும்பி வந்த அகதிச் சனம் கொண்டுவந்ததாம்.

"அண்ணை, மண்டபம் முகாமில இருந்து."

மண்டபம். அவர் தலையைத் திருப்பினார். இராமேஸ்வரத்துக்குப் பக்கத்து மண்டபத்திலிருந்து யார் எழுதுவது? சேர்ந்துவிட்டாள். எப்போதோ சேர்ந்துவிட்டாள். இவ்வளவு நாளும் நான்தான் விசரன் போல் கப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. அவருக்குச் சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது. லூசியா, என் தங்கமே.

தோல் உரியக் கையைப் பிரித்து எடுத்துக் கடிதத்தை வாங்கினார்.

யேசுதாசனின் எழுத்து. *மாமா அறிவது. பங்குனியில் வானத்தால் வருவதாக லூசியா சொல்லி அனுப்பியிருந்தா. அமலி இன்னும் தினமும் முகாம் வாசலில் நின்று மேலே பார்க்கிறாள். நானும் பார்க்கிறேன். லூசியா எப்ப புறப்படுகிறா என்று ஒரு வரி எழுதுங்கோ.*

அவர் இரண்டாவது தரம் வாசிக்கத் தொடங்கினார். பாதியில் நின்றார்.

பல்லுக்குள் ஒன்றுமில்லை. காலடியில் ஒன்றுமில்லை. நாற்பத்துநாலு நாளில் முதல் தடவையாக, வீடு அசையாமல் நின்றது.

பாய்ந்து கப்பைப் பிடித்தார். அது குளிர்ந்திருந்தது. வெறும் மரம். நெற்றியை அதில் மோதினார். ஒன்றுமில்லை.

"என்ன அண்ணை? என்ன எழுதியிருக்கு?" என்று பரமேஸ்வரி கேட்டாள். அவர் கடிதத்தை நீட்டினார். அவள் வாசித்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, அவருக்குத் தண்ணீர் எடுத்து வருவதாகச் சொல்லிப் பின்பக்கத்தால் கிணற்றடிக்குப் போனாள்.

லோறன்ஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு முன்வாசலுக்கு வந்தார். உச்சி வெயில். காற்று விழுந்திருந்தது. காகமும் இல்லை.

முற்றத்தின் நடுவில் ஒரு நிழல் கிடந்தது.

முகில் என்று நினைத்தார். முகிலுக்கு ஓரம் இவ்வளவு நேராக இராது. இரண்டு பக்கமும் நீண்ட செட்டைகள். ஒரு செட்டை தெரு வேலி வரை. மற்றது அவருடைய வாசற்படி வரை. பறக்கிற ஒன்றின் நிழல் நகர வேண்டும்.

அது நகரவில்லை.

சத்தமும் இல்லை.

நிழலுக்குள் மணலில் ஒரு துளி விழுந்தது. இன்னொன்று. அவருடைய கையில் ஒன்று பட்டது. உரிந்த தோலில் உப்பாய் எரிந்தது.

நிழலின் நடுப்பகுதியிலிருந்து ஏதோ வெளியே நீண்டது. மெல்ல. ஒரு தலை. பக்கவாட்டால் எட்டிக் குனிந்த தலை. அவிழ்ந்த கூந்தல் நேர்கீழே தொங்கியது. நீளமாய். காற்றில் ஆடாமல், பாரமாய், ஒட்டிப்போய்.

லோறன்ஸ் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவரால் முடியவில்லை. நிழலையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தத் தலை இன்னும் கொஞ்சம் குனிந்தது. வாசலைப் பார்த்தது. அப்படியே நின்றது.

கூந்தலின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.